அஞ்சலைக்குக் கொண்டுபோன சேலை

நான் மலேசியாவுக்குப் போனது ஒரே ஒரு வார்த்தை சொல்வதற்காக. "ஆப்பரேசனுக்கு ஒத்துக்கோ அஞ்சல" என்று நேரில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் என் நாத்தனார் மகன் சேகர் என்னை வரவழைத்தான். "மார்ல கட்டி அத்தை. கேன்சருன்னுட்டாங்க. யாரு சொன்னாலும் அம்மா 'பாக்கலாம், பாக்கலாம்'ங்கிறாங்க. நீங்க சொன்னா தட்டமாட்டாங்க" என்று போனில் அழாத குறையாகச் சொன்னான். அது உண்மைதான். அண்ணன் பேச்சுக்குக்கூட மறுபேச்சு பேசுவாள், அண்ணி பேச்சுக்குப் பேசமாட்டாள் அஞ்சலை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அஞ்சலை என் வீட்டுக்காரரின் தங்கை. அவர்கள் எல்லோரும் அந்த நாட்டு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். வேலைக்குப் பர்மிட் கிடைக்காமல் என் மாமனார் குடும்பத்தோடு முசிறிப் பக்கம் திரும்பியபோது, இவளுக்கு அங்கேயே கல்யாணம் ஆகியிருந்தது. தங்கிவிட்டாள். சில வருசத்துக்கு ஒருமுறை முசிறிக்கு வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போவாள். வயது எழுபத்தேழு, என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆனாலும் முறை முறைதான். அவள் என்னை 'நீங்க' என்பாள், நான் அவளை 'நீ' என்பேன். மாமனார் மாமியார் இல்லை, என் வீட்டுக்காரரும் போய்விட்டார். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

அப்படி இருக்கையில் வெறுங்கையோடு போக முடியுமா? அவள் வீட்டு வாசலை நான் மிதிப்பது இதுதான் முதல் தடவை. முசிறிக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கைத்தறிச் சேலை எடுத்தேன். சந்தன நிறம், அரக்குக் கரை. புருசன் இல்லாதவள் கட்டுவதாகவும் இருக்க வேண்டும், அவள் மருமகள் பார்த்து மூக்கைச் சுளிக்காததாகவும் இருக்க வேண்டும்.

விமானத்திலிருந்து இறங்கியதும் ஒரு பெண் தள்ளுவண்டி நாற்காலியைக் கொண்டுவந்து உட்காரச் சொன்னாள். நான் முறைத்த முறைப்பில் வேறு கிழவியைத் தேடிப் போய்விட்டாள். அப்புறம் நடந்த நடையில் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. அந்த நாட்டு விமான நிலையம் எங்கள் தாலுகாவைவிடப் பெரியது.

சேகர் வேனோடு வந்திருந்தான். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற வேன். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, "பசியாறிட்டுப் போலாம் அத்தை" என்றான். அங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் பேர். நல்ல பேர். ரொட்டி சானாய் என்று வந்தது. நம் பரோட்டாதான், ஆனால் எண்ணெய்க்குப் பயந்து மெலிந்துபோன பரோட்டா. தொட்டுக்கொள்ளப் பருப்பு. டீயில் டப்பாப்பால் ஊற்றியிருந்தார்கள், பாயசமாகக் குடித்தேன்.

அவர்கள் ஊரான ஈஜோக் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம். கொஞ்ச நேரம் பார்க்கலாம், அப்புறம் பார்க்க ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் வாழைத்தோப்பு என்றால் இடையில் ஒரு கிணறு, ஒரு மோட்டார் ரூம், பீடி குடிக்கிற ஒருத்தன் இருப்பான். இங்கே மரத்துக்குப் பின்னால் மரம். அடியில் பகலிலும் இருட்டு.

அஞ்சலை கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். சுண்டிப்போயிருந்தாள், ஆனால் நிமிர்ந்துதான் நின்றாள். "வாங்க அண்ணி" என்று என் காலைத் தொடக் குனிந்தவளைத் தூக்கிப் பிடித்தேன். உள்ளே போய், தட்டில் வெற்றிலைபாக்கு, பழம் வைத்து அதன்மேல் சேலையை வைத்துக் கொடுத்தேன். அவள் கை நீளவில்லை. சேலையையே பார்த்தாள்.

"நீங்களே எடுத்தீங்களா அண்ணி?"

"பின்ன? நானேதான்."

வாங்கினாள். பிரித்துப் பார்க்காமல் அலமாரியின் அடித்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சேகரின் மனைவி ரோசி வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், கலகலப்பானவள். "என்னா மாமி, பிரிச்சுக் காட்டுங்கலா! கலர் சூப்பரா இருக்கு" என்றாள். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவது அந்த ஊர் வழக்கம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று அஞ்சலை அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பார்த்துப் பார்த்து எடுத்த சேலை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரி. துலக்கி வைத்த வெள்ளிப் பாத்திரம் மாதிரி சுத்தம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து வாசனைக்கு முன்னால் மனுச வாசனை அடிக்கும். இங்கே எந்த வாசனையும் இல்லை, அதுவே பயமாக இருந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவி என் மூக்குத்தியைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கும் மார்தான் என்று கையால் காட்டினாள்.

டாக்டர் மலாய்க்காரப் பெண், சின்ன வயது. அஞ்சலையைப் பார்த்தே பேசினாள். சேகர் குறுக்கே குறுக்கே ஏதோ கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி அஞ்சலை பக்கமே திரும்பினாள். எல்லாம் மலாய். அஞ்சலைக்கு அது தண்ணீர் பட்டபாடு. எனக்கு ரோசி காதோடு தமிழில் சொன்னாள்.

"கட்டி சுண்டக்கா அளவுதானாம் பெரியம்மா. வேற எடத்துக்குப் போன மாதிரி தெரியலையாம். பொம்பள ஒடம்புல ஊறுற ஒரு சத்தத் தின்னுதான் இது வளருதாம். அத அடைக்க தெனம் ஒரு மாத்திர இருக்காம். கட்டிய மட்டும் எடுத்துட்டு, அக்குள்ல ஒண்ணு ரெண்டு நெறிக்கட்டியையும் எடுத்து, அங்க பரவியிருக்கான்னு பாத்துட்டு, மாத்திர சாப்பிடலாம். அது ஒரு வழி. இல்ல, வெட்டாம வெறும் மாத்திர. அதுல கட்டி சில வருசம் தூங்குமாம், அப்புறம் முழிச்சாலும் முழிக்குமாம். மாமிக்கு நெஞ்சு நல்லா இருக்கு, நடமாட்டம் இருக்கு, அதனால மொத வழி நல்லதுன்னு அவங்க நெனைக்கிறாங்க. ஆனா முடிவு மாமியோடதுதானாம்."

சேகர் மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினான். முழு மாரையும் எடுக்கட்டும், கரண்டும் வைக்கட்டும், ஊசி மருந்தும் ஏற்றட்டும், ஒன்றையும் விடக்கூடாது என்றானாம். கரண்டு என்றால் ரேடியேசன், அதற்கு வாரக்கணக்கில் தினமும் பட்டணம் போய் வர வேண்டும். டாக்டர் அவனிடம் மெதுவாகச் சொன்னதை ரோசி அப்படியே சொன்னாள்: "வயசானவங்கன்னு ஒண்ணும் செய்யாம விடறது தப்பு. பயந்துபோய் எல்லாத்தையும் செய்யறதும் தப்பு. இந்த மாதிரிக் கட்டிக்கு, இந்த வயசுல, கரண்டால கெடைக்கிற லாபம் கொஞ்சந்தான்."

எல்லோரும் அஞ்சலையைப் பார்த்தோம்.

"தாக் பாயா, டாக்டர்" என்றாள். வேண்டாம் என்று அர்த்தம். ரோசி சொல்லாமலே எனக்குப் புரிந்தது. மாத்திரையுமா என்று டாக்டர் கேட்டாள். மாத்திரையும் வேண்டாம்.

வராந்தாவில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எதற்காகக் கடல் தாண்டி வந்தேனோ அந்த வார்த்தையைச் சொன்னேன். "ஆப்பரேசனுக்கு ஒத்துக்கோ அஞ்சல."

"நீங்க வந்த வேலைய வந்த அன்னைக்கே முடிச்சிட்டீங்க அண்ணி. போதும்" என்று கையை உருவிக்கொண்டாள். கோபமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வேனில் சேகர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "நேத்து வரைக்கும் 'பாக்கலாம்'னாச்சும் சொன்னாங்க. நீங்க வந்தப்புறம் மாத்திர கூட வேணாங்கிறாங்க" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாழ்நாளில் இப்படி ஒரு பேச்சு நான் வாங்கியதில்லை.

அம்மா வாய்க்கு ருசியாக ஏதாவது சாப்பிடட்டும் என்று மறுநாள் ஜெராமுக்குக் கூட்டிப்போனான். கடலோரக் கடை. கடல் என்று பேர்தான், கண்ணுக்கு எட்டிய வரை சேறு.

"என்ன அஞ்சல இது, அலையே காணோம்?"

"அலையெல்லாம் உங்க ஊருக்கு அனுப்பிட்டோம்லா அண்ணி. இங்க மீன மட்டும் வச்சுக்கிட்டோம்."

மீன் நன்றாகத்தான் இருந்தது. புளியும் மிளகாயும் போட்டு வாழையிலையில் சுட்டது. அஞ்சலை முள் எடுத்து எடுத்து என் தட்டில் வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். நடுவில் ரோசியிடம், "என் தோடு ரெண்டும் ஒனக்குத்தான். தெவசத்துக்கெல்லாம் கோயிலுக்கு வரணும்னு ஒன்ன யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, சேகர்ட்ட சொல்லிட்டேன்" என்றாள். ரோசி எழுந்து கை கழுவப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

அதற்கு அடுத்த நாள், தான் ரப்பர் பால் வெட்டிய பழைய தோட்டத்துக்கு வடக்கே கூட்டிப்போகச் சொன்னாள். ரோசி வேலைக்குப் போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் போனோம். குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் தகரக் கூரையோடு மரங்களுக்கு நடுவில் நின்றது. அஞ்சலை கற்பூரம் கொளுத்தினாள். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கணக்குத் தீர்க்க வந்தவள் போல நின்றுவிட்டு, "போலாம்" என்றாள்.

திரும்பும்போது தோட்டத்துச் செம்மண் பாதையில் வேன் சாய்ந்தது. டயரில் செம்பனை மட்டையின் முள், ஆணி நீளம். மாற்று டயரைத் தட்டிப் பார்த்தான் சேகர், அதிலும் காற்று இல்லை. "ஊருக்கு ஆள் ஏத்தறவன் வண்டி லட்சணம்" என்று அஞ்சலை சொன்னாள். குலை அறுக்கிற இந்தோனேசியாக்காரன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். நீளக் கம்பில் அரிவாள் கட்டித் தோளில் வைத்திருந்தான். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"என்ன சொல்றான்?"

"ரெண்டு பாட்டியையும் நான் பாத்துக்கவா, நீ போய் டயர் ஒட்டிட்டு வர்றியான்னு சேகர கேக்கறான்."

கடைசியில் அரிவாளை மரத்தில் சாய்த்துவிட்டு, சேகரையும் சக்கரத்தையும் ஏற்றிக்கொண்டு போனான். நாங்கள் வேன் படியில் உட்கார்ந்தோம். கொசு பிடுங்கியது. எங்கோ ஒரு குலை விழுந்த சத்தம். அப்போதுதான் கேட்டாள்.

"அண்ணி, மறைக்காம சொல்லணும். எத்தன மாசமாம்?"

"எது எத்தன மாசம்?"

"எனக்கு."

"டாக்டரு ஒன்கிட்டதான சொன்னா, சின்னதுன்னு? ஒனக்குத் தெரிஞ்ச பாஷையில சொன்னா. எனக்குத்தான் ஒரு எழவும் புரியல."

"டாக்டருக்கு சேகர் சொல்லி வச்சிருப்பான், பயப்படுத்தாதீங்கன்னு. அவங்க பொய் சொல்லலாம். பொறந்த வூட்டுக் கோடி பொய் சொல்லுமா? கடல் தாண்டி வந்திருக்கே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் அவள்மேல் கடைசியாகப் போர்த்துகிற சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். தண்ணீரில் நனைக்காத புதுத்துணி. கோடி என்போம். அண்ணன் தம்பி கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அவன் பெண்டாட்டி. அதனால்தான் நோயாளி இருக்கிற வீட்டுக்குப் பிறந்த வீட்டார் புதுச்சேலையோடு போகவே மாட்டார்கள். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா? வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது என்ற எண்ணம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

"அடியே, கோடிக்கு யாராவது கரை பாத்து எடுப்பாங்களா? ஆறு கடை ஏறி எறங்குனேன்."

"எங்க அண்ணி எடுப்பாங்க. சாவுக்கும் கவுரவம் பாக்கறவங்க."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் அவளே சொன்னாள்.

"எங்க லயத்துல முனியம்மான்னு ஒருத்தி. அந்தக் காலத்துல முழுசா வெட்டி எடுத்தாங்க, அக்குளையும் சேத்து. கை வாழத்தண்டா வீங்கிப்போச்சு. ஒரு தேத்தண்ணி மங்குக் குவளையத் தூக்க முடியாது. மவ ஊட்டிவிட்டா. அப்பிடி ரொம்ப நாள் கெடந்தா அண்ணி. நான் அப்பிடிக் கெடக்கணுமா, ரோசி என்னைக் குளிப்பாட்டணுமான்னு தெனம் யோசிச்சேன். ஒரு முடிவும் வரல. நீங்க கோடியோட வந்ததும் ஒரு நிம்மதி, சத்தியமா. முடிஞ்சுபோச்சுன்னா முடிவெடுக்க வேணாம் பாருங்க."

சேகர் வந்து டயரை மாட்டும்வரை இரண்டு பேரும் கொசு அடித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் விடிந்ததும் அவள் அலமாரியைத் திறந்தேன். சேலையை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனேன். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து முழுச் சேலையையும் அமுக்கினேன். தறிக் கஞ்சி வெள்ளையாகக் கரைந்தது, பின்னாலேயே அரக்குக் கரை சாயம் விட்டது. சந்தன நிறமெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது. கடைக்காரன் சத்தியம் பண்ணினான் சாயம் போகாது என்று. நான் விடவில்லை. பிழிந்து, உதறி, திரும்பவும் முக்கினேன்.

அஞ்சலை கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "அய்யோ அண்ணி, நல்ல சேலைய பாழாக்கிட்டீங்களே!"

"நனைச்சாச்சு. இனி இது கோடி இல்ல. இத எந்தப் பொணத்துக்கும் போத்த முடியாது. கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. வந்து நீயே கேளு, கையி வீங்குமா, எத்தன நாள் கெடக்கணும், என்ன ஏதுன்னு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அன்று மத்தியானம் மழை அடித்து, கொடியிலேயே மறுபடி ஒரு தரம் நனைந்தது. அந்த ஊர் மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

காய்ந்ததும் கட்டிக்கொண்டாள். திட்டுத் திட்டான அந்தச் சேலையோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்து மலாயில் வெகுநேரம் பேசினாள். கையைத் தூக்கிக் காட்டினாள், மங்குக் குவளையைத் தூக்குவது போல் காட்டினாள். டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். ரோசி எனக்குச் சொல்ல மறந்துபோய் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கேட்கவில்லை.

வேனில்தான் ரோசி சொன்னாள். கட்டியை மட்டும் எடுப்பது. அக்குளில் ஒன்றிரண்டு நெறிகள் மட்டும், முனியம்மாவுக்குச் செய்ததுபோல மொத்தமாக இல்லை. அப்படி எடுத்தால் கை வீங்குவது குறைவாம், வீங்கவே வீங்காது என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லையாம். பிறகு மாத்திரை. கரண்டு வேண்டாம்.

"இது பாதி வைத்தியம்மா" என்றான் சேகர். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, பெத்தவளுக்கு ஒழுங்கா பாக்கலன்னு நாலு பேரு என்னத்தான் பேசுவாங்க."

"பாதி உசுருக்குப் பாதி வைத்தியம் போதும்டா. நாலு பேரு வந்தா எங்கிட்ட அனுப்பு."

அவன் அன்று சாப்பிடவில்லை. அவளும் சமாதானம் சொல்லவில்லை.

ஆப்பரேசனுக்குக் கொடுத்த தேதி, எனக்கு விசாவில் கொடுத்த நாளுக்குப் பின்னால் விழுந்தது. இருந்த நாட்களில் கோலசிலாங்கூர் மலைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வெள்ளிநிறக் குரங்குகள் ஆள் மேலே ஏறி உட்காருகின்றன. ஒரு குட்டி மட்டும் மஞ்சளாக, தாய் மாரைக் கவ்விக்கொண்டிருந்தது. அஞ்சலை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கடலை வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன். கிளம்பும் அன்று கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். "பாத்துப் போங்க அண்ணி" என்றாள். அவ்வளவுதான். இனி நேரில் பார்ப்போமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முசிறிக்கு வந்தபின் ரோசி போன் செய்தாள். நல்லபடியாக முடிந்தது, மூன்றாம் நாளே எழுந்து தேத்தண்ணீர் கலந்துவிட்டார் மாமி என்றாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். கொஞ்ச நாள் கழித்து அஞ்சலையே கூப்பிட்டாள்.

"சாப்டீங்களா அண்ணி?"

"ஆச்சு. கையி எப்பிடி இருக்கு?"

"தூக்கறேன். தலை வாரிக்கறேன்." அப்புறம் சொன்னாள். "அக்குள்ல நெறி எடுத்தாங்கள்ல, அதுல ஒண்ணுல பரவியிருக்காம். இப்ப கரண்ட பத்தித் திரும்ப யோசிக்கணுங்கறாங்க டாக்டர். வச்சா இவ்ளோ லாபம், இவ்ளோ கஷ்டம்னு ரெண்டையும் சொன்னாங்க. மறுபடியும் என்னத்தான் கேக்கறாங்க."

"சேகர் என்ன சொல்றான்?"

"அவன் என்னா சொல்வான்? ஒங்களுக்கு டிக்கெட் பாக்கறான்."

"வரட்டுமா?"

"வராதீங்க அண்ணி."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க எதிர்ல வந்து ஒக்காந்தா, ஒண்ணும் சொல்லாட்டியும் ஒங்க மூஞ்சியப் பாத்து செஞ்சிருவேன். இந்தத் தடவ எனக்கு நானே யோசிக்கணும்."

"யோசிச்சு?"

"தெரியல. சொல்றேன்."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒருநாளும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. சரி என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொன்னேன்.

இதை எழுதும்வரை அவள் கூப்பிடவில்லை. சேகர்தான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். எடுத்தால், கரண்டுக்கு ஒத்துக்கொள்ளும்படி அவளிடம் என்னைச் சொல்லச் சொல்வான். நான் எடுப்பதில்லை.